அண்ணன் ஜீப்பும் அப்பா கேட்ட உத்தரவும்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறையும் இந்த நாளில், இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவரோடு வேலை செய்தவர்களுக்கும், நம் லயத்துச் சனங்கள் எல்லோருக்கும் வணக்கம். அவருடைய ஒரே தங்கச்சி எழுதுகிறேன்.

முதலில் ஒரு சண்டையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மலரை அச்சிட்டுத் தருகிற எங்கள் சின்ன மாமா ஹட்டனில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர். செத்துப்போனவர்களுக்கென்று அங்கே சில வரிகளைக் கோத்தபடியே கலைக்காமல் வைத்திருக்கிறார்கள். 'அன்பும் அடக்கமும் பொறுமையும் உருவானவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்' என்று ஈய எழுத்தில் எப்போதும் தயாராக இருக்கும். அப்பாவா, அண்ணனா, மாமாவா என்று முறையை மட்டும் மாற்றினால் போதும். அண்ணனுக்கும் அதையே போட்டு, மை தடவி, ஒரு தாள் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். நான் அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

"ஏம்மா, நல்லதாத்தானே போட்டிருக்கேன்" என்றார் மாமா.

"அண்ணன் அடக்கமானவரா? அதிர்ந்து பேசாதவரா? மாமா, நீங்களே அவருகிட்ட எத்தன தடவ ஏச்சு வாங்கியிருக்கீங்க?"

"அதெல்லாம் மலர்ல எழுதுற சங்கதியா? சரி, நீ என்னமோ எழுது. ஆனா அந்த ஜீப்புக் கதைய மட்டும் விட்டுரும்மா. அப்பா இன்னும் உசுரோட இருக்காரு."

ஜீப்பை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எழுதச் சொல்வது, உப்பில்லாமல் ரொட்டி சுடச் சொல்வதைப் போன்றது. எனக்குக் கோபம் இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் அது இருக்கும். பிடிக்காதவர்கள் அண்ணனின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மலரை மூடி வைக்கலாம்.

அண்ணன் பிறந்தது ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அவர் நடக்கத் தொடங்கும் முன்பே அப்பா அங்கிருந்து விலகி, நோர்வூட்டுக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டார். மேல் பிரிவு லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் கடைசிக் காம்பரா எங்களுக்குக் கிடைத்தது. தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு அண்ணனின் படிப்பு நின்றது. 'படிப்பை முடித்துக்கொண்டார்' என்று மலர்களில் எழுதுவார்கள். அவர் முடித்துக்கொள்ளவில்லை. அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை.

அம்மா போனபோது அண்ணனுக்கு மீசை அரும்பும் வயது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிகிற வயது. மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செடிக்குள் உட்கார்ந்துவிட்டார். கீழே ஆஸ்பத்திரிக்குப் போக எங்களுக்கு இருந்த ஒரே வண்டி கொழுந்து லொறி. தராசு வைத்த மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடியும்வரை அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை விரித்துக் கிடந்தார். பிறகு மூட்டைகளுக்கு மேலே ஏற்றினார்கள். லொறி நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. முதலில் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போய், அம்மாவைச் சுற்றியிருந்த மூட்டைகளை இறக்கியது. கொழுந்து அவிந்துபோகுமே என்று அவசரப்பட்டார்கள். அம்மாவுக்காக அவசரப்பட அங்கே ஒருவரும் இல்லை. நோர்வூட் பாலம் வருவதற்கு முன்பே அம்மா போய்விட்டார்.

அன்றைக்குத் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையின் ஜீப் பங்களா வாசலில் சும்மாதான் நின்றது. அதைக் கேட்கலாம் என்று அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. வேறு யாருக்கும் தோன்றவில்லை. அதுதான் பின்னால் அண்ணன் வாங்கிய ஜீப்.

அந்த ஜீப்பைப் பற்றி, அதைப் பார்த்திராத நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அது நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கிற வண்டி. லொறி சங்கிலி கட்டியும் ஏறாத சேற்றில் அது ஏறும். வளைவில் அதன் சத்தம் கேட்டதும் சனங்கள் ரோட்டை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட வேண்டும். ஆம்பிளைகள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைக்க வேண்டும். மழை கொட்டினாலும் குடையை மடக்க வேண்டும். வண்டிக்குள் துரை இருக்கிறாரா, அவருடைய நாய் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குகிற வழக்கம் இல்லை. சத்தம் கேட்டால் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வெள்ளைக்காரத் துரை கப்பலேறினார். புதிதாக வந்த துரை நம் நாட்டுக்காரர். அவர் தம்முடைய காரில் வந்தார். ஜீப்பைக் கொண்டுபோய் ஸ்டோருக்குப் பின்னால், விறகு அடுக்குகிற இடத்தில் தள்ளிவிட்டார்கள். நம் ஊர் மழைக்கு இரும்பு எத்தனை நாள் தாங்கும்? இருக்கையில் கோழி முட்டையிட்டது. அடித்தட்டில் துருப்பிடித்து விழுந்த ஓட்டை வழியே மானாப் புல் முளைத்து ஸ்டியரிங் வரைக்கும் வளர்ந்தது.

அண்ணன் அந்த நேரம் ஸ்டோரில் மெஷின் திருத்துகிற வேலையில் இருந்தார். புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்புகிறவர் மத்தியானச் சோற்றுக்குத்தான் வருவார். அண்ணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கள்ளுத் தவறணைக்குத்தான் போகிறார் என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தார். விறகுக்குப் பக்கத்தில், ஜீப்புக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் சேஸியை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் அண்ணன். காலில் அட்டை ஏறி இரத்தம் வழிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. "குடிச்சிட்டுக் கெடந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அது நாலு பேரு செய்யிறதுதானே" என்று அண்ணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

வாங்கலாமா வேண்டாமா என்று அவர் அப்படிப் பல ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்திருக்கிறார். ஒரு சாயங்காலம் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். மாமாவும் ஹட்டனிலிருந்து வந்திருந்தார்.

"மேல்தகடெல்லாம் அலுமினியம். அது துருப்பிடிக்காது. சேஸிதான் இரும்பு. பின்பக்கம் தட்டுனா பொத்துபொத்துன்னு சத்தம் வருது, அது போச்சு, வெட்டி எறியணும். முன்பக்கம் கணீர்னு இருக்கு. எஞ்சின் இறுகிக் கெடக்கு. ஆனா வெடிக்கல."

"ஊரே இந்தியாவுக்குப் போகப் பேரு குடுத்துட்டு நிக்கிது. கப்பலேறப் போறவனுக்கு எதுக்குடா இந்த ஓட்ட இரும்பு?" என்றார் மாமா.

"நீங்க ஏறுங்க மாமா. நான் ஏறல."

இன்றைக்கு வரைக்கும் மாமாவும் கப்பலேறவில்லை. அது வேறு கதை.

அப்பாதான் மெதுவாகச் சொன்னார்: "தொரை ஜீப்பத் தொடாத சாமி. நாளைக்கு அவரு திரும்பி வந்து கேட்டாருன்னா என்னா பதில் சொல்லுவ?"

"எங்கேருந்து வருவாரு? சீமையிலருந்து இந்தத் தகரத்தத் தேடிக்கிட்டு வருவாராப்பா?" என்று அண்ணன் கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "இந்த ரோட்டுல எந்த மழையிலயும் ஏறி எறங்குற வண்டி இது ஒண்ணுதான். நம்ம லயத்துல இனிமே ஒருத்தரும் கொழுந்து மூட்ட மேல கெடந்து சாகக் கூடாது. அதுக்குத்தான்."

தோட்டத்தில் கழித்த சாமான்களை ஏலம் போட்டபோது பழைய இரும்பு விலைக்கு அண்ணன் அதை எடுத்தார். கயிறு கட்டி, தேர் இழுக்கிற மாதிரி லயத்துப் பையன்கள் எல்லோரும் சத்தம் போட்டு இழுத்துக்கொண்டு வந்து எங்கள் காம்பரா வாசலில் நிறுத்தினார்கள். அப்பா கயிற்றைத் தொடவில்லை.

அது கடைகளில் ஒன்றும் கிடைக்காத காலம். மாவுக்கும் சீனிக்குமே வரிசையில் நின்றோம், ஜீப் சாமானுக்கு எங்கே போவது? இறுகிப்போன எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயும் கழிவு எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்தார். தினமும் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்கள் போகிற நேரம், முன்னால் ஹேண்டிலைப் போட்டு முழு உடம்பையும் சாய்த்துத் தம் கட்டுவார். அது அசையாது. போகிறவர்கள் எல்லாம் நின்று கேலி பண்ணுவார்கள். "என்னா மாப்ள, தொரை இன்னும் எந்திரிக்கலயா?" என்பார்கள். அப்படிக் கேலி பண்ணியவர்களில் பாதிப் பேர் பிறகு அந்த ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதை வாசித்துக்கொண்டும் இருப்பார்கள். நன்றாக வாசியுங்கள்.

ஒரு நாள் காலை ஹேண்டில் அரை விரல் அளவுக்கு நகர்ந்தது. அண்ணன் போட்ட கூச்சலில் அண்ணி தண்ணீர்க் குடத்தைக் கீழே போட்டுவிட்டார். அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. அழுகிய சேஸியை வெட்டி எடுத்துவிட்டு, கழித்துப்போட்ட இரும்புச் சட்டங்களை விலைக்கு வாங்கி நோர்வூட் கராஜில் பற்றவைத்தார்கள். அந்தக் கராஜின் பாஸ் மாத்தயா சிங்களவர். கூலி வாங்காமல் இருக்க அவர் சொல்லாத காரணம் இல்லை. பெயின்ட் கிடைக்கவில்லை. கூரைத் தகரத்துக்கு அடிக்கிற சிவப்புத்தான் கிடைத்தது. பச்சை ஜீப் செங்கல் நிறமானது. முதல் ஓட்டத்தில் பிரேக் பிடிக்காமல் தேயிலைக்குள் இறங்கியது. கணக்கப்பிள்ளை வந்து ஏசிவிட்டுப் போனார். இரண்டாவது ஓட்டத்தில் நின்றது.

அண்ணன் ஸ்டோரிலிருந்து லயத்துக்கு அதை முதன்முதலாக ஓட்டிக்கொண்டு வந்த நாளில்தான் எனக்கு முதல் கோபம் வந்தது. வேலை விட்டு ஆட்கள் வருகிற நேரம். வளைவில் சத்தம் கேட்டது. அவ்வளவு சனமும் கானுக்குள் இறங்கிவிட்டது. துண்டுகள் கக்கத்துக்குப் போயின. லேசான தூறல் இருந்தது, குடைகள் மடங்கின. செங்கல் நிறத்தில் ஒரு ஜீப் வருகிறது, உள்ளே நம்மோடு பிறந்து நம்மோடு வளர்ந்தவர் இருக்கிறார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அண்ணன் வண்டியை நிறுத்திக் கத்தினார். "நான்தான் சித்தப்பு! மேல ஏறுங்க! தலையில துண்டப் போடுங்க!"

சிலர் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். சிலருக்குச் சிரிப்பும் வரவில்லை. கடைசியில் அப்பா நின்றுகொண்டிருந்தார், கானுக்குள், முழங்கால் வரை சேற்றில், தலை குனிந்தபடி.

"அப்பா, ஏறுங்க. முன்னாடி ஏறுங்க."

"நீ போ சாமி. அது தொரை குந்துன எடம். நான் நடந்து வந்துர்றேன்."

அப்பா நடந்துதான் வந்தார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் நடந்துதான் வந்தார். காய்ச்சல்காரர்களும் கையொடிந்தவர்களும் ஜீப்பில் போகத் தொடங்கினார்கள். ஆனால் முன் இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை. பின்னால் இரும்புத் தட்டில் குந்திக்கொண்டு போவார்கள். முன்னால் மெத்தை போட்ட இடம் காலியாகவே போகும். அண்ணன் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டார். சரியாகவில்லை.

மாமா எழுத வேண்டாம் என்று சொன்னது இனி வருவதைத்தான்.

அண்ணிக்கு நாள் நெருங்கியிருந்தது. ஒரு வேலை நாள், மத்தியானத்துக்குப் பிறகு, திடீரென்று வலி கண்டு இரத்தமும் போகத் தொடங்கியது. அண்ணன் ஸ்டோரில் இருந்தார். நான் அண்ணியின் பக்கத்தில் இருந்தேன். மருத்துவிச்சி அம்மா கீழ்ப் பிரிவுக்குப் போயிருந்தார். "அப்பா, ஓடிப்போயி அண்ணனக் கூட்டிட்டு வாங்க" என்றேன். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். வயதானவர் என்றாலும் நல்ல வேகமாகவே ஓடினார். ஸ்டோர் பக்கத்தில்தான் இருக்கிறது, இதோ வந்துவிடுவார் அண்ணன் என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வரவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தோம். படுத்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் ஜீப் தெரியும். அண்ணி அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "பாப்பா, வண்டி நிக்கிதுல்ல? நிக்கிதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நிற்கிறது அண்ணி, நிற்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது? ஓட்டத் தெரிந்தவர்கள் லயத்தில் ஒருவரும் இல்லை. சேலை முழுக்க நனைந்துவிட்டது. கடைசியில் அடுத்த காம்பரா அக்கா பொறுக்கமாட்டாமல், காலில் ஒன்றும் போடாமல் ஸ்டோருக்கு ஓடினார். அண்ணன் அங்கே மெஷினடியில் ஒன்றும் தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தார். அப்பா அங்கே போகவே இல்லை.

அப்பா ஆபீசுக்குப் போயிருந்தார். துரை மலை பார்க்கப் போயிருந்தார். துரை வரட்டும் என்று, துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆபீசு வாசலுக்கு வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார். அண்ணனை வேலையிலிருந்து இறக்குவதற்கு உத்தரவு கேட்கத்தான் போனேன் என்று பிறகு சொன்னார். உத்தரவு! பெற்ற மகனைக் கூப்பிட, அவன் பெண்டாட்டியை அவனுடைய வண்டியில் ஏற்ற, உத்தரவு!

அண்ணன் ஓட்டிய ஓட்டத்துக்கு அந்த ஜீப் எப்படி உடையாமல் போனது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை, தலை நிறைய முடி. டொக்டர் சிங்களத்தில் கோபமாகச் சொன்னார், கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று. வண்டி இல்லையா உங்களிடம் என்று கேட்டார். வெளியே நின்ற ஜீப்பை அண்ணன் கையால் காட்டினார்.

அண்ணன் அப்பாவை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். வெகுநாள் அவரோடு பேசவில்லை, அவ்வளவுதான். அந்த ஏச்சையெல்லாம் லயத்துக்கே பங்கு வைத்துக் கொடுத்தார். இதற்குப் பிறகுதான் நம் அண்ணன் உங்களுக்கெல்லாம் முரடராகத் தெரியத் தொடங்கினார்.

முதலில் சத்தத்தை மாற்றினார். சத்தத்துக்குத்தானே கானில் இறங்குகிறீர்கள் என்று, புகை போகிற குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டில் ஒன்று செய்து மாட்டினார். அதற்குப் பிறகு அந்த ஜீப் கக்குவான் வந்த பிள்ளையைப் போல இருமிக்கொண்டு போனது. எந்தத் துரையும் அப்படி ஒரு சத்தத்தில் பயணம் போயிருக்க மாட்டார். பிள்ளைகள் இருமல் ஜீப் என்று பேர் வைத்தார்கள். மெல்ல மெல்ல, அந்த இருமலைக் கேட்டால் ரோட்டிலேயே நிற்கப் பெரியவர்களும் பழகினார்கள்.

அடுத்தது முன் இருக்கை. நோயாளி யாரோ அவர் முன்னால்தான் உட்கார வேண்டும் என்று சட்டம் போட்டார். காய்ச்சலில் நடுங்குகிறவர்களோடு சண்டை போட்டார். "முன்னாடி ஏறு. ஏறினாத்தான் வண்டி எடுப்பேன்." "வேணாம் தம்பி, பின்னாடியே குந்திக்கிறேன்." "அப்ப நடந்து போ!" நடக்கவிட்டாரா என்றால் இல்லை. கையைப் பிடித்து இழுத்து, சில வேளை தூக்கியே முன்னால் வைத்துவிடுவார். கல்யாண ஊர்வலத்துக்கு ஜீப் கேட்டு வந்த நம் உறவுக்காரர் ஒருவரை வாசலிலேயே நிற்கவைத்து ஏசினார். அந்த நேரத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் உங்கள் மாப்பிள்ளையை இறக்கிவிட்டு வரவா என்று கேட்டார். அவர் இன்றைக்கும் எங்களோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

மூன்றாவது, அண்ணிக்கு ஓட்டப் பழக்கினார். இதற்குத்தான் ஊரே வாயைப் பிளந்தது. பொம்பிளை ஸ்டியரிங் பிடிப்பதா என்று மாமாதான் முதலில் குதித்தார். "நான் ஸ்டோர்ல இருக்கிற நேரம் வண்டி சும்மா நிக்கக் கூடாது மாமா. அது சும்மா நின்னுச்சே ஒரு தடவ, போதாதா?" என்றார் அண்ணன். கொழுந்துக் கூடை சுமந்து பழகிய அண்ணிக்கு அந்த இறுகிய கியரெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. பின்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில், நேரத்துக்குப் போய்ப் பிறந்தார்கள்.

தமிழர்களை அடித்த கலவரம் வந்த நாட்களில், பாஸ் மாத்தயா பொழுது சாய்வதற்குள் ஆள் அனுப்பி, வண்டியை வண்டியாக வைத்திருக்காதே என்று சொல்லிவிட்டார். அண்ணன் சக்கரங்களைக் கழற்றிப் புதைத்து, மேலே மண்ணையும் மாட்டுச் சாணியையும் பூசி, பழைய இரும்பாகவே போட்டு வைத்தார். வந்தவர்கள் அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. லயத்துக் கதவுகளைத்தான் உடைத்தார்கள். காயம்பட்டவர்களை எடுத்துப்போக முடியாமல் அந்த இரண்டு நாள் அண்ணன் பட்ட வேதனையை நான் பார்த்தேன். மூன்றாம் நாள் சக்கரம் மாட்டிவிட்டார்.

போன வருடம் ஸ்டோரில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. நாற்பதைக்கூட அவர் தாண்டவில்லை. செய்தி வந்ததும் அண்ணி யாரையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு ஸ்டோர் வாசலுக்கே போய், அவரை முன்னால் உட்காரவைத்து, நேரே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்தினார். நேரத்துக்குத்தான் போனோம். அதனால் அவர் பிள்ளைகளைக் கண்ணால் பார்த்தார், பேசினார், வண்டிக்கு எண்ணெய் மாற்றச் சொன்னார். சில நாட்கள் இருந்துவிட்டுப் போனார். கொழுந்து மூட்டை மேல் போகவில்லை. கட்டிலில், வெள்ளை விரிப்பில், அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

கருமாதி முடிந்து நாங்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கொழும்பிலிருந்து ஒரு கனவான் வந்தார். பழைய ஜீப்களை வாங்கிப் புதிதாக்குவது அவருடைய பொழுதுபோக்காம். இந்தச் சிவப்பைச் சுரண்டிவிட்டுப் பழைய பச்சையை அடிப்பாராம். இருமல் குழாயை மாற்றுவாராம். "அந்தக் காலத்துத் துரை ஓட்டின மாதிரியே ஆக்கிடுவேன், பார்த்தா உங்களுக்கே அடையாளம் தெரியாது" என்று சந்தோஷமாகச் சொன்னார். நம் உறவுக்காரர்கள் சிலர், துக்கத்துக்கு வந்தவர்கள், குடுத்துரலாம் குடுத்துரலாம் என்று அண்ணியின் காதில் ஓதினார்கள்.

அண்ணி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கேட்டார்: "அதே மாதிரி ஆக்கிட்டீங்கன்னா, நாங்க மறுபடி கான்ல எறங்கி நிக்கணுமாங்க?"

கனவானுக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்காததில் எனக்குக் கோபம் இல்லை. காதில் ஓதிய உங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதி முடித்து, போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. மறைத்து அச்சடிக்க எனக்கு இஷ்டமில்லை. ஏசுவார், அழுவார் என்று நினைத்தேன். கடைசிவரை தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"பாப்பா, அதுல ஒண்ணு தப்பா இருக்கு" என்றார்.

"என்னப்பா?"

"உங்கண்ணன வேலையிலருந்து எறக்க உத்தரவு கேக்கப் போனேன்னு போட்டிருக்க. அது நான் சொன்ன பொய்யி. தொரை அன்னைக்கு வந்தாரு. வந்து, என்னா வேணும்னு கேட்டாரு. நான், 'தொரை, தொரையோட ஜீப்பு வேணுங்க, மருமகளுக்கு முடியல'ன்னுதான் கேட்டேன். அவரு, 'என்கிட்ட ஏது ஜீப்பு'ன்னாரு. அப்பவும் எனக்கு அது நம்ம ஜீப்புன்னு வாயில வரல, பாப்பா. சரிங்க தொரைன்னு சொல்லிட்டு அங்கயே நின்னேன்."

இத்தனை வருடமும் அப்பாமேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். "இதையும் எழுதிரு" என்றார் அப்பா. எழுதிவிட்டேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும். செருப்பில்லாமல் ஸ்டோருக்கு ஓடிய அடுத்த காம்பரா அக்காவுக்கும், நோர்வூட் பாஸ் மாத்தயாவுக்கும், அன்றைக்குக் கயிறு பிடித்து இழுத்த பையன்களுக்கும், கடைசி நாட்களில் அண்ணனைப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், கோத்துவைத்த வரிகளைத் தூக்கி எறிந்துவிட்டு இதை எழுத்தெழுத்தாகப் புதிதாகக் கோத்த சின்ன மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் மறதி என்று எண்ணி மன்னிக்கும்படி இந்த இடத்தில் கேட்பார்கள். நான் கேட்கவில்லை. விட்டவர்களைத் தெரிந்துதான் விட்டிருக்கிறேன்.

அண்ணனுக்காக விளக்கேற்றுங்கள், கும்பிடுங்கள். அதோடு இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜீப் எங்கள் காம்பரா வாசலில்தான் நிற்கிறது. சாவி அண்ணியிடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் நேரே வந்து அண்ணியைக் கூப்பிடுங்கள். வழியில் எங்கேயும் நின்று யாரிடமும் கேட்காதீர்கள்.